பாட்டில் தண்ணீரும் பரிட்சைப் பேப்பரும்

(சிங்கப்பெருமாள் கோயிலில் சட்டக் கல்லூரி மாணவர்களும் இளம் வக்கீல்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சுற்றுச்சூழல் சட்டங்களைப் பற்றிப் பேசும்படி எங்களைக் கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் வக்கீல்கள் அல்ல. பள்ளிக்கூடப் படிப்போடு இயக்க வேலைக்கு வந்துவிட்டவர்கள். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் தாலூகா ஆபீஸ் வராந்தாவிலும், கோர்ட்டு வாசல் டீக்கடையிலும்தான். எனவே உங்கள் பாடப் புத்தகத்தில் இருப்பதைத் திருப்பிச் சொல்ல வரவில்லை. அதில் இல்லாத சில விஷயங்களைச் சொல்ல வந்திருக்கிறோம்.

ஒரு பாட்டில் கதையிலிருந்து ஆரம்பிக்கிறோம்.

இந்த வட்டாரத்துக் கிராமம் ஒன்று. பெயர் வேண்டாம். ஏரிக்கு மேற்கே ஒரு தொழிற்சாலை. மழை பெய்யும் இரவுகளில் அங்கிருந்து கறுப்பாக ஒரு தண்ணீர் வாய்க்காலில் இறங்குகிறது. மழைத் தண்ணீரோடு கலந்து போனால் யார் கண்டுபிடிப்பது? அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலில் நாற்று மஞ்சளாகி, வேர் அழுகிவிட்டது. அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர், ஒரு சோடா பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, வாயைத் துணியால் கட்டி, பஸ் ஏறி ஓர் ஆபீசுக்குப் போனார். நாங்களும் கூடப் போனோம்.

அங்கே இருந்த அதிகாரி கெட்டவர் என்று சொல்லமாட்டோம். நாற்காலி போட்டு உட்காரத்தான் சொன்னார். பிறகு கேட்டார்: "இது எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, யார் முன்னிலையில் எடுத்தது?"

"என் வயல்ல எடுத்தேன் சார். நானேதான் எடுத்தேன். முன்னாலே யார் இருப்பா, ராத்திரி ரெண்டு மணி."

"இது சட்டப்படி சாம்பிள் ஆகாது பெரியவரே."

பெரியவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்திருந்தார். எங்களோடு வந்த இளம் வக்கீல், நல்ல பிள்ளை, சுற்றுச்சூழல் சட்டத்தில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கியவர். "அவர் சொன்னது சரியா, தம்பி?" என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. "எங்களுக்கு அது பரிட்சையில் வரவில்லை" என்றார்.

அதிகாரி சொன்னது பாதி சரி. 1974ஆம் வருஷத்துத் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். வாரியத்தின் அதிகாரி அந்த இடத்திலேயே தொழிற்சாலைக்காரனுக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவன் முன்னிலையில் சாம்பிளை இரண்டாகப் பிரிக்க வேண்டும். சீல் வைத்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகுதான் பரிசோதனைச் சாலை. இந்த வரிசையில் ஒன்று தவறினாலும் கிரிமினல் கோர்ட்டில் வழக்கு விழுந்துவிடும். சட்டம் இப்படி எழுதப்பட்டதில் நியாயமும் இல்லாமலில்லை. யாரோ ஒருவர் எங்கோ பிடித்த தண்ணீரைக் கொண்டு யாரையும் தண்டிக்க முடியாது. ஆனால் விளைவு என்ன? அழுக்குத் தண்ணீர் இரவு இரண்டு மணிக்கு வருகிறது. சாம்பிள் எடுக்க வேண்டியவர் பகல் பதினொரு மணிக்கு வருகிறார். அதற்கு மேல் நாம் சொல்ல வேண்டியதில்லை.

மீதிப் பாதியை அந்த அதிகாரி சொல்லவில்லை. 2010ஆம் வருஷத்துப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, அந்தத் தீர்ப்பாயத்தை சிவில் நடைமுறைச் சட்டமோ சாட்சியச் சட்டமோ கட்டுப்படுத்தாது என்கிறது. இயற்கை நியாயப்படி அது நடந்தால் போதும். பெரியவரின் பாட்டில் அங்கே செல்லாக் காசு அல்ல. போட்டோ, தேதி போட்ட நோட்டு, நான்கு பேர் வாக்குமூலம் ஆகியவற்றோடு போனால், கூட்டுக் கமிட்டி ஒன்றை அனுப்பிப் பார்க்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிட வழியுண்டு. தென்மண்டல அமர்வு சென்னையில் சேப்பாக்கம் கலச மஹாலில் இருக்கிறது. நவாபின் அரண்மனை! இங்கே காலையில் மின்சார ரயில் ஏறினால் கோர்ட்டு தொடங்குவதற்குள் போய்விடலாம். நஷ்டஈடு கேட்காத மனுவுக்கு ஆயிரம் ரூபாய் கட்டணம். ஏழை விவசாயிக்கு அது பெரிய தொகைதான். ஆனால் பத்துப் பேர் சேர்ந்தால் தலைக்கு நூறு ரூபாய்.

இதை அந்த முதல் மார்க் வாங்கிய தம்பிக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. நாங்கள் அவரைக் குறை சொல்லவில்லை. கற்றுக் கொடுக்கும் முறையைத்தான் சொல்கிறோம்.

பாடம் இல்லாமலில்லை. வக்கீல் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பரில் சுப்ரீம் கோர்ட், சுற்றுச்சூழலைக் கல்வியில் கட்டாயப் பாடமாக வைக்கும்படி சொன்னது. சினிமாக் கொட்டகைகளில் சிலைடு போடும்படியும் சொன்னது. இந்திய வக்கீல் கவுன்சிலின் 2008ஆம் வருஷத்துச் சட்டக் கல்வி விதிகளில் சுற்றுச்சூழல் சட்டம் கட்டாயப் பேப்பர். இந்த ஜில்லாவிலேயே செங்கற்பட்டில் ஒரு அரசாங்கச் சட்டக் கல்லூரி, புதுப்பாக்கத்தில் ஒன்று. சென்னை ஹைக்கோர்ட் வளாகத்தை ஒட்டியிருந்த கல்லூரியை 2018இல் ஊருக்கு வெளியே கொண்டுபோனபோது, கோர்ட்டைப் பார்க்காமல் எப்படி வக்கீலாவது என்று மாணவர்கள் போராடினார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் இன்று நாங்கள் இன்னொரு கேள்வி போடுகிறோம். கோர்ட்டு தூரமாகப் போய்விட்டது, சரி. பாலாறு பக்கத்தில் வந்ததே, அதைப் பார்த்தீர்களா?

பாலாற்றைச் சும்மா சொல்லவில்லை. உங்கள் பேப்பரில் தவறாமல் வரும் கேள்வி, வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கு. 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் வந்த தீர்ப்பு. "முன்னெச்சரிக்கைக் கொள்கை", "மாசுபடுத்தியவன் பணம் கட்ட வேண்டும்" என்ற இரண்டு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் அழுத்தமாகச் சொல்லப்பட்டது. அது எந்த ஆறு? இதே பாலாறு! ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு கலந்த அதே ஆறுதான் காஞ்சிபுரத்தையும் செங்கற்பட்டையும் தாண்டி, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் பக்கம் கடலில் சேருகிறது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களின் கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு ஆலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம், நஷ்டஈட்டைக் கணக்கிட ஓர் அதிகார அமைப்பு, சென்னை ஹைக்கோர்ட்டில் பசுமை பெஞ்சு என்றெல்லாம் உத்தரவு.

பரிட்சைப் பேப்பரில் கதை அங்கே முடிந்துவிடுகிறது. விவசாயிக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த அமைப்பு 2001இல் 29,193 பேரைப் பாதிக்கப்பட்டவர்கள் என்று கண்டு, சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. கூட்டிக் கழித்துப் பாருங்கள். சராசரியாக ஒருவருக்கு 9,200 ரூபாய்கூட வரவில்லை. கிணறு போனது, நிலம் போனது, அதற்கு விலை அது! அதுவும் முழுதாகப் போய்ச் சேர்ந்ததா? 2025 ஜனவரி 30ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் மறுபடி இதே ஆற்றைப் பற்றித் தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. விட்டுப்போன நஷ்டஈட்டை சர்க்கார் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும், ஓய்வுபெற்ற ஹைக்கோர்ட் நீதிபதி தலைமையில் கமிட்டி போட வேண்டும் என்றது. 1996இல் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த குழந்தை 2025இல் இரண்டு குழந்தைகளுக்குத் தாய். சட்டக் கல்லூரியில் இந்த இருபத்தொன்பது வருஷத்தை யார் பாடமாக நடத்துகிறார்கள்? தீர்ப்பின் தத்துவத்துக்குப் பத்து மார்க். தீர்ப்பை நிறைவேற்றுவதற்கு ஒரு மார்க்கும் இல்லை.

இன்னொரு தீர்ப்பைச் சொல்கிறோம். நமது கடற்கரைக்கு நேராக வந்து தொடுகிறது.

சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் இறால் பண்ணைகளை எதிர்த்துத் தொடுத்த வழக்கு. 1996 டிசம்பர் 11. நெல் விளைந்த நிலத்தை உப்பாக்கி, குடிதண்ணீரைக் கெடுத்து, மீனவரைக் கடலுக்குப் போகவிடாமல் வேலி போட்டவற்றைக் கடற்கரை ஒழுங்குமுறை எல்லைக்குள் வைத்திருக்கக் கூடாது, இடிக்க வேண்டும் என்றது கோர்ட். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதே தீர்ப்பின் கடைசிப் பக்கங்களில் ஓர் உத்தரவு இருக்கிறது. மூடப்படும் பண்ணைகளில் ஒரு வருஷத்துக்குக் குறையாமல் வேலை செய்த தொழிலாளிகளை ஆட்குறைப்புச் செய்யப்பட்டவர்களாகக் கருதி, தொழில் தகராறு சட்டத்தின் 25-எஃப் பிரிவுப்படி நஷ்டஈடு கொடுக்க வேண்டும். அதற்கு மேல் ஆறு வருஷச் சம்பளமும் கொடுக்க வேண்டும். ஆறு வருஷம், தோழர்களே!

இந்தப் பாராவை உங்களில் எத்தனை பேர் படித்தீர்கள்? கை தூக்குங்கள். ஒருவரும் இல்லை. நாங்களும் ரொம்ப நாள் படிக்கவில்லை. ஆகவே வெட்கப்பட வேண்டாம்.

இது ஏன் முக்கியம்? ஒவ்வொரு கிராமத்திலும் முதலாளி முதலில் போடும் சீட்டு இதுதான்: "புகையைப் பற்றிப் பேசினால் வேலை போகும்." ஏரிக்காரனையும் ஆலைத் தொழிலாளியையும் மோதவிட்டு அவன் நடுவில் நிற்பான். இந்த வட்டாரத்தில் அந்தப் பயம் வெறும் பூச்சாண்டி அல்ல. மறைமலை நகரில் போர்டு கார் ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியபோது வேலை போவது என்றால் என்ன என்று வீடு வீடாகப் பார்த்தோம். அது மாசு வழக்கால் அல்ல, கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கால். ஆனால் பயம் ஒன்றுதான். அந்தப் பயத்தோடு இருக்கிற தொழிலாளியிடம் போய் "நிலைத்த வளர்ச்சி" என்று பிரசங்கம் செய்தால் அவன் எழுந்து போய்விடுவான். எழுந்து போகத்தான் வேண்டும். அவனிடம் சொல்ல வேண்டியது, ஆலையை ஒழுங்காக நடத்தும் செலவு முதலாளியுடையது, மூடினாலும் உன் சம்பளம் அவன் பொறுப்பு, அதற்கு இதோ சுப்ரீம் கோர்ட்டின் பாரா என்பதைத்தான். ஆலைக்குள் அந்த அமிலத்தை முதலில் சுவாசிப்பவனும் அவன்தானே! எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த இரவில் வால்வு திறக்கிறது என்று அவனுக்குத் தெரிந்ததுபோல் வேறு யாருக்குத் தெரியும்?

சரி, அந்த இறால் தீர்ப்பு என்ன ஆயிற்று? பார்லிமெண்ட் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் கொண்டுவந்தது. அதன் 27ஆவது பிரிவைப் படியுங்கள். கடற்கரைப் பாதுகாப்பு அறிவிக்கையின் தடை இந்தத் தொழிலுக்கு ஆதியிலிருந்தே இல்லாததுபோல் எழுதிவிட்டார்கள். கோர்ட் ஒரு பக்கம் கட்டிய வேலியைச் சட்டம் இன்னொரு பக்கம் பிடுங்கியது. தீர்ப்பு மட்டும் பாடப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. இப்படிப் படிப்பது, செத்துப்போனவன் ஜாதகத்தைப் பார்ப்பது போல.

சமீபத்திய மாற்றங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். போபாலில் 1984 டிசம்பரில் ஆயிரக்கணக்கான உயிர்கள் போன பிறகுதான் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதை மீறினால் ஐந்து வருஷம் வரை சிறை என்று இருந்தது. 2023இல் கொண்டுவந்த ஜன விஸ்வாஸ் சட்டம் அந்தச் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, பத்தாயிரத்திலிருந்து பதினைந்து லட்சம் ரூபாய் வரை தண்டத் தொகை என்று மாற்றியது. அபராதத்தையும் கட்டாவிட்டால்தான் சிறை. அதையும் விதிப்பது கோர்ட் அல்ல, சர்க்கார் நியமிக்கும் அதிகாரி. 2024இல் தண்ணீர்ச் சட்டத்துக்கும் அதே வைத்தியம்; அது மற்ற ராஜ்யங்களில் செல்ல வேண்டுமானால் அங்கங்கே சட்டசபை தீர்மானம் போட வேண்டும். "ஜன விஸ்வாஸ்" என்றால் மக்கள் நம்பிக்கை. எந்த ஜனங்கள் எதை நம்பி இதைக் கேட்டார்கள் என்று தெரியவில்லை! பழைய சட்டத்தில் எத்தனை முதலாளிகள் சிறைக்குப் போனார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விரல்விட்டு எண்ண வேண்டியதுதான். ஆனால் மானேஜருக்கு ஒரு பயம் இருந்தது. பதினைந்து லட்சம் என்பது பெரிய கம்பெனிக்குப் பயம் அல்ல, செலவுக் கணக்கில் ஒரு வரி.

அமல் நடத்த வேண்டிய வாரியங்களின் நிலையையும் சொல்ல வேண்டும். தேசம் முழுவதும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களில் ஏறத்தாழப் பாதி உத்தியோகங்கள் காலி என்று பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் வந்த கணக்குகளே காட்டின. தண்ணீர்ச் சட்டத்தின் 33-ஏ பிரிவில் ஆலையை மூடவும், மின்சாரத்தை வெட்டவும் வாரியத்துக்கு அதிகாரம் இருக்கிறது. நல்ல அதிகாரம். அதை எழுதிக் கையெழுத்திட ஆள் வேண்டாமா? அதிகாரிகளை வையும் முன் இதையும் நினைக்க வேண்டும்.

இந்த இடத்தில் பழைய கதை ஒன்று. இங்கிருந்து தெற்கே மதுராந்தகத்துப் பக்கம் வேடந்தாங்கல். ஏரியில் கடப்ப மரங்கள், மரமெல்லாம் பறவைகள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். அதனால் விவசாயிகள் பறவைகளைத் தொடவிடமாட்டார்கள். வெள்ளைக்கார சோல்ஜர்கள் வந்து சுட்டார்கள். கிராமத்தார் சும்மா இருக்கவில்லை. செங்கற்பட்டு கலெக்டர் லயனல் பிளேசிடம் போனார்கள். 1798இல் பறவைகளைக் காக்க கிராமத்துக்கு உரிமை கொடுத்து ஒரு கவுல் வாங்கினார்கள். 1858இல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். அப்போது சுற்றுச்சூழல் என்ற சொல்லும் இல்லை, சட்டக் கல்லூரியும் இல்லை. பயிரைக் காக்கப் போனவர்கள் சட்டத்தை எழுதவைத்துவிட்டார்கள். அதே வேடந்தாங்கலில் சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் எல்லையை 3 கிலோமீட்டராகச் சுருக்கலாம் என்று 2020இல் ஒரு யோசனை கிளம்பியது. எதிர்ப்பு பலமாக வந்தது, கோர்ட்டுக்கும் போனது, யோசனை நிறைவேறவில்லை. கவுல் வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கே விவசாயம்தான் செய்கிறார்கள்.

இனி, இளம் வக்கீல்களுக்கு வேலைக்கு உதவக்கூடிய சில விஷயங்கள்.

முதலாவது, நாள் கணக்கு. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு அப்பீல் போக 30 நாள். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தீர்ப்பாயம் கொடுக்க முடியாது. அனுமதி உத்தரவு இங்கிலீஷில் எங்கோ கம்ப்யூட்டரில் ஏறுகிறது. கிராமத்துக்கு அது தெரிவது புல்டோசர் வந்த அன்று. ஒரு தடவை ஊர்க்காரர்கள் எங்களிடம் வந்தபோது விரல்விட்டு எண்ணினோம். நூற்று நாலாவது நாள். அன்று இரவு தூங்க முடியவில்லை. உங்கள் ஊரைச் சுற்றி என்ன அனுமதி கேட்கப்பட்டிருக்கிறது என்பதை வாரம் ஒருமுறை பார்ப்பதற்கு ஒரு வக்கீலாவது வேண்டும்.

பொது விசாரணையும் அப்படியே. 2006ஆம் வருஷத்து அறிவிக்கைப்படி, குறைந்தது 30 நாள் முன்னறிவிப்போடு, கலெக்டர் அல்லது அவருக்கு அடுத்த நிலை அதிகாரி தலைமையில் விசாரணை நடக்க வேண்டும். முழுவதும் வீடியோ எடுக்க வேண்டும். அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியில் இருக்க வேண்டும். சுருக்கம் மட்டுமே! முந்நூறு பக்க அறிக்கையில் ஏரி எந்தப் பக்கத்தில் "தரிசு" என்று எழுதப்பட்டிருக்கிறது என்பது இங்கிலீஷில் ஒளிந்திருக்கும். 2020இல் இந்த அறிவிக்கையையே திருத்தும் நகலை மத்திய சர்க்கார் இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டும் வெளியிட்டது. அட்டவணை மொழிகள் எல்லாவற்றிலும் மொழிபெயர்க்க வேண்டும் என்று டில்லி ஹைக்கோர்ட் 2020 ஜூன் 30இல் சொல்ல வேண்டி வந்தது. அந்த நகலில் கருத்துச் சொல்லும் காலத்தை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைக்கவும் யோசனை இருந்தது.

அனுமதி வாங்காமலே கட்டிவிட்டுப் பிறகு அனுமதி கேட்பது என்ற வழக்கத்தை 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் சட்டவிரோதம் என்றது. நாங்களும் சந்தோஷப்பட்டோம். நவம்பரில் மூன்று நீதிபதிகளில் இருவர் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றார்கள், ஒருவர் மாறுபட்டார். ஆகவே பழைய நோட்ஸை வைத்துப் படிக்காதீர்கள்.

அடுத்தது, யாரும் கேட்காத ஒரு நோட்டுப் புத்தகம். தண்ணீர்ச் சட்டத்தின் 25ஆவது பிரிவின் 6ஆவது உட்பிரிவு. எந்த ஆலைக்கு எவ்வளவு கழிவு, எந்த நிபந்தனையோடு அனுமதி என்று வாரியம் பதிவேடு வைக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் யாரானாலும் அதைப் பார்க்கலாம். அனுமதியில் ஒரு நாளைக்கு இவ்வளவு கிலோ லிட்டர், அதையும் தோட்டத்துக்கே பாய்ச்ச வேண்டும் என்றிருந்தால், வாய்க்காலில் வரும் ஒவ்வொரு சொட்டும் நிபந்தனை மீறல். பாட்டில் தண்ணீரில் என்ன விஷம் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதே இல்லை. தண்ணீர் அங்கே வந்தது என்று காட்டினால் போதும்! அந்த அறுபது வயதுப் பெரியவரின் வழக்கை நாங்கள் இப்போது அந்த வழியில்தான் கொண்டுபோகிறோம். பதிவேட்டைப் பார்க்க மனு கொடுத்திருக்கிறோம். முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவது பதிவுத் தபாலில் போயிருக்கிறது.

அந்த இளம் வக்கீல் இதோ இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். மனுவை எழுதியது அவரே. தமிழில் எழுதினார், பெரியவருக்குப் படித்துக் காட்டி, அவர் சொன்ன இரண்டு திருத்தங்களைச் செய்த பிறகே கையெழுத்து வாங்கினார். திருத்தம் என்ன தெரியுமா? "மாசடைந்த நீர்" என்று இவர் எழுதியிருந்தார். "சுண்ணாம்பு வாடையோட கறுப்பா வர தண்ணி, கையில பட்டா அரிக்குதுன்னு போடுங்க தம்பி" என்றார் பெரியவர்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அந்த வாய்க்கால் நெடுகிலும் நடக்கிறோம். ஆலை மதிலிலிருந்து ஏரி மதகு வரை சுமார் இரண்டு மைல். ஆலைத் தொழிலாளிகள் நான்கு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பெயரை யாரும் வெளியில் சொல்லக் கூடாது. மாணவர்களில் பத்துப் பேர் வந்தால் போதும். ஆளுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுவாருங்கள், மழை வந்தால் பேனா மை கரையும். ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஐந்தரைக்கு நிற்போம்.